சொல்தொகுப்பைத் தேடி: மறுநிறுவலுக்குப் பின் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை மீட்டது

மடிக்கணினியில் லினக்ஸை மறுபடி நிறுவி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்கு நடுவில், ஒரு சொல்லுக்கு முன்பு என்ன போட்டோம் என்று பார்க்கப் போனபோதுதான் சொல்தொகுப்பு இல்லை என்பது உறைத்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஓடிஎஸ் வடிவத்தில் ஒரு விரிதாள். ஆனால் ஆறாயிரம் வரிசைக்கு மேல் இருக்கும். மூன்று ஆண்டுகளாகத் தினமும் ஐந்தாறு சொல்லாகச் சேர்த்தது.

பதறவில்லை. வாரம் தவறாமல் பேக்கப் எடுத்து வருகிறவன் நான். போய் எடுத்துக்கொண்டால் போயிற்று என்றுதான் நினைத்தேன். எடுக்க இரண்டு மாலைகள் ஆயின. பேக்கப்பில் பழுது ஏதும் இல்லை. கோப்பும் அதில் பத்திரமாக இருந்தது. அப்படியிருந்தும் ஏன் கைக்கு வரவில்லை என்பதைத்தான் எழுதி வைக்கிறேன். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற யாருக்கும் இது நேரலாம்.

என்ன இருந்தது, என்ன போனது

பழைய நிறுவலில் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸின் 20.04 பதிப்பு. அதன் வழக்கமான பராமரிப்பு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் 24.04-க்கு மாறினேன். படிப்படியாக மேம்படுத்தாமல், வட்டை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். அதற்கு முந்தைய இரவு வெளி ஹார்ட் டிஸ்க்கில் கடைசி பேக்கப் ஓடி முடிந்தது. பயன்படுத்தியது டெஜா டூப். திரையில் தெரிவது அதன் ஜன்னல்தான். உள்ளே உழைப்பது டூப்ளிசிட்டி என்ற கட்டளைவரி நிரல்.

நிறுவிய பிறகு முழு பேக்கப்பையும் திருப்பிக் கொட்டவில்லை. அப்படிச் செய்தால் பழைய அமைப்புக் கோப்புகளெல்லாம் புதிய டெஸ்க்டாப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக நிறுவியதற்கே அர்த்தம் இருக்காது. நடப்பு வேலைகள் இருந்த ஃபோல்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'அகராதி' என்ற ஃபோல்டரை விட்டுவிட்டேன். காரணம் எளிது. சொல்தொகுப்பை நான் ஃபோல்டருக்குள் போய்த் திறந்ததே கிடையாது. லிப்ரே ஆபிஸைத் திறந்தால் அண்மைக் கோப்புகளின் பட்டியலில் முதலாவதாக அது நிற்கும், ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற நினைவே எனக்கு மங்கியிருந்தது. அந்த அண்மைப் பட்டியலும் மறுநிறுவலில் போய்விட்டது.

விஷயத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், "டைம்ஷிஃப்ட் போட்டிருந்தீங்களே, அதுல இருக்குமே" என்றார். இருக்காது. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதற்கான கருவி. நாமாகச் சேர்த்தால் ஒழிய, பயனரின் ஹோம் ஃபோல்டரை அது தொடாது. இதை பேக்கப் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் முயற்சி

வெளி டிஸ்க்கைச் செருகியதும் முதல் வேலையாக அதை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் மறுபடி மவுண்ட் செய்தேன். புதிதாக நிறுவிய கணினியில் பேக்கப் நிரலைத் திறந்தால் பழையதை மீட்கவா, புதிதாகத் தொடங்கவா என்று இரண்டு பாதை காட்டும். அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்தி, பழைய பேக்கப் இருக்கும் இடத்திலேயே புதியது எழுத ஆரம்பித்துவிட்டால் பிறகு நிதானமாக யோசிக்க வாய்ப்பிருக்காது. மீட்க டிஸ்க்கைப் படித்தாலே போதும், எழுத வேண்டிய தேவை இல்லை.

அடுத்தது கடவுச்சொல். பேக்கப் மறைகுறியாக்கப்பட்டது. 'கடவுச்சொல்லை நினைவில் வை' என்ற பெட்டியை என்றோ டிக் செய்துவிட்டதால் இத்தனை ஆண்டுகளில் அதை மறுபடி தட்டியதே இல்லை. அது சேமிக்கப்பட்டிருந்தது பழைய நிறுவலின் கீரிங்கில், அதாவது கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் பெட்டகத்தில். அந்தக் கீரிங்கும் அழிந்த வட்டோடு போயிற்று. நல்லவேளை, ஒரு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அந்த அட்டை கிழிந்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். பேக்கப்பைப் பூட்டியிருந்த ஜிபிஜி மறைகுறியாக்கத்துக்குப் பின்வாசல் எதுவும் இல்லை.

ஜன்னலை விட்டுவிட்டு, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலிலேயே டூப்ளிசிட்டியை நேராகக் கூப்பிட்டேன். முதலில் பேக்கப் தொகுதிகளின் நிலவரம் கேட்கும் கட்டளை. புதிய நிறுவலில் டூப்ளிசிட்டிக்கு எதுவும் தெரியாது. எந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்புகளைக் கணினியிலேயே கேஷ் ஃபோல்டரில் வைத்திருக்கும் பழக்கம் அதற்கு, அந்தக் கேஷும் போய்விட்டது. ஆகவே டிஸ்க்கிலிருந்து குறிப்புகளையெல்லாம் படித்துக் கேஷை மறுபடி கட்டிக்கொண்டது. கால் மணி நேரம் திரையில் எதுவும் அசையவில்லை. தொங்கிப்போயிற்று என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

பிறகு கோப்புப் பட்டியல் கேட்கும் கட்டளை. இது கோப்புகளின் தரவைத் தொடுவதில்லை, சிக்னேச்சர் என்ற குறிப்புக் கோப்புகளை மட்டும் படித்துப் பெயர்களைச் சொல்லும். ஒவ்வொரு வரியிலும் கோப்பு கடைசியாக மாறிய தேதி, பிறகு அதன் பாதை. அளவு இருக்காது. பட்டியலை ஓர் உரைக் கோப்பில் சேமித்து, அதில் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு 'சொல்தொகுப்பு' என்று தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. அகராதி ஃபோல்டர், பெயர் சரி, தேதி மட்டும் 2022 பிப்ரவரி.

தேதி உறுத்தியது. ஆனாலும் கோப்பு கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பொருட்படுத்தவில்லை. மீட்டேன். திறந்தால் 212 வரிசை.

தப்பான சந்தேகம்

இந்த இடத்தில்தான் ஒரு மாலை முழுவதும் வீணானது.

என் மனம் முதலில் போனது பேக்கப்பின் மேல். டூப்ளிசிட்டி முதலில் ஒரு முழு பேக்கப் எடுக்கும். பிறகு ஒவ்வொரு தடவையும் மாறியதை மட்டும் எடுத்து அதன் மேல் அடுக்கிக்கொண்டு போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிந்தைய மாற்றங்கள் கிடைக்காமல் போகலாம். அப்படி எங்கோ அறுந்திருக்கிறது, அதனால்தான் பழைய கோப்பு வருகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். முந்தைய மாதத்துத் தேதி கொடுத்துப் பட்டியல் கேட்டேன். சொல்தொகுப்பு, 2022 பிப்ரவரி. அதற்கும் முந்தைய சங்கிலியில் கேட்டேன். அதே 2022 பிப்ரவரி. எந்தத் தேதியில் கேட்டாலும் அசையாமல் அதே பதில்.

அடுத்த சந்தேகம் லிப்ரே ஆபிஸ் மேல். நாள் முழுவதும் அந்தக் கோப்பு திறந்தே கிடக்கும். திறந்திருந்த கோப்பை பேக்கப் விட்டுவிட்டதோ? அதுவும் பொருந்தவில்லை. லிப்ரே ஆபிஸின் பூட்டு என்பது பக்கத்தில் வைக்கும் ஒரு சின்ன மறைகோப்பு மட்டும்தான். இன்னொரு நிரல் படிப்பதை அது தடுக்காது.

சந்தேகத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற புத்தி மறுநாள்தான் வந்தது. அதே ஃபோல்டரில், கடைசி வாரத்தில் நான் திருத்தியது உறுதியாகத் தெரிந்த வேறொரு குறிப்புக் கோப்பு இருந்தது. அதைத் தேடினேன். பட்டியலில் தேதி சரியாக இருந்தது. மீட்டேன். கடைசியாகச் சேர்த்த பத்தி வரை அப்படியே இருந்தது. ஆக, சங்கிலி அறுந்திருக்கவில்லை, பேக்கப் உண்மையைத்தான் சொல்கிறது. அது காட்டும் சொல்தொகுப்பு உண்மையிலேயே 2022-க்குப் பிறகு யாரும் தொடாத கோப்பு. அப்படியானால் நான் தினமும் திறந்தது அந்தக் கோப்பு இல்லை.

இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயர் அதுவேதான். அண்மைப் பட்டியலில் ஆயிரம் தடவை பார்த்த பெயர்.

40 பைட், 46 பைட்

பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, அகராதி ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். நூற்றுக்கும் மேல் வரிகள் ஓடின. டெர்மினலில் தமிழ் எப்போதும் கொஞ்சம் கோணல்தான், கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டே வந்தேன். சொல்தொகுப்பு, 2022 பிப்ரவரி. இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடி சொல்தொகுப்பு, மறுநிறுவலுக்கு முந்தைய நாளின் தேதியோடு.

ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். எந்த லினக்ஸ் கோப்பு முறையும் இதை அனுமதிக்காது. அனுமதித்திருக்கிறது என்றால் பெயர் ஒன்று இல்லை. இரண்டு வரிகளிலிருந்தும் பெயரை மட்டும் வெட்டி எடுத்து பைட்டுகளை எண்ணச் சொன்னேன். ஒன்று 40, மற்றது 46.

காரணம் ஒகர உயிர்மெய்யில் இருந்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'ொ' என்ற குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணால் எழுதுவது ஒரு வழி. ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டு எண்களை அடுத்தடுத்து வைப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. திரையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வட்டில் பைட்டுகளாக இறங்கும்போது முதலாவது '224 175 138' என மூன்று பைட், இரண்டாவது '224 175 134 224 174 190' என ஆறு பைட். 'சொல்தொகுப்பு' என்ற சொல்லில் 'சொ' ஒன்று, 'தொ' ஒன்று. இரண்டு இடத்திலும் மூன்று மூன்று பைட் கூடினால் 46 ஆகிவிடும். ஓகாரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான்.

ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் கோப்பு முறைகளுக்கு வழக்கமான அமைப்பில் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அது தமிழா, எந்த வடிவம் என்றெல்லாம் பார்க்காது. பைட் வேறென்றால் பெயரும் வேறு, கோப்பும் வேறு. கிரெப்பும் அப்படித்தான். என் விசைப்பலகை ஒகரத்தை ஒரே எண்ணாக எழுதுகிறது. அதனால் நான் தட்டித் தேடியபோது 40 பைட் பெயர் மட்டும் அகப்பட்டது. 46 பைட் கோப்பு எதிரிலேயே இருந்தும் தேடலில் சிக்கவில்லை.

அந்த இரண்டாவது பெயர் எப்படி வந்தது என்பதும் மெல்ல நினைவுக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் 212 சொற்களோடு நான் ஆரம்பித்த தொகுப்பை ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அவர் பழைய மேக் வைத்திருப்பவர். தன் சொற்களையும் சேர்த்து, மொத்த அகராதி ஃபோல்டரையும் டார் என்ற ஒற்றைப் பொதிக் கோப்பாகக் கட்டித் திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்து மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களை வட்டில் எழுதும்போது இப்படிப் பிரித்து எழுதும் வழக்கம் உடையது. டார் அந்தப் பெயரை அப்படியே சுமந்து வந்தது. என் கணினியில் பிரித்தபோது பழையதன் மேல் புதியது எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். டார் கேள்வி கேட்காமல் மேலெழுதுவதுதான் வழக்கம் என்பதால் சந்தேகமும் வரவில்லை. உண்மையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒரு தடவை புதியதைத் திறந்தேன், அது அண்மைப் பட்டியலில் ஏறிக்கொண்டது, பிறகு மூன்று ஆண்டுகளும் அதே பட்டியல்.

'அகராதி' என்ற ஃபோல்டர் பெயரில் ஒகரமோ ஓகாரமோ இல்லாதது அதிர்ஷ்டம். 'மொழிபெயர்ப்பு' என்று வைத்திருந்தால் ஃபோல்டரே இரண்டாகியிருக்கும்.

எடுத்தது எப்படி

கண்டுபிடித்த பின் மீட்பது சில நிமிட வேலைதான், ஆனால் பெயரைக் கையால் தட்டக் கூடாது. தட்டினால் 40 பைட் பெயர்தான் போகும். அந்த 212 வரிசைக் கோப்புதான் திரும்ப வரும். அதனால் சேமித்த பட்டியலிலிருந்து தேதியை வைத்து அந்த ஒரு வரியைப் பிடித்து, பாதையை மட்டும் நறுக்கி ஒரு ஷெல் மாறியில் போட்டு, அதையே கட்டளைக்குக் கொடுத்தேன்.

ஒற்றைக் கோப்பைக் கேட்கும் தேர்வின் பெயர் டூப்ளிசிட்டியில் மாறியிருக்கிறது. முன்பு 'ஃபைல் டு ரீஸ்டோர்', இப்போது 'பாத் டு ரீஸ்டோர்'. பழைய குறிப்புகளைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடுக்கும் பாதை பேக்கப்பின் வேரிலிருந்து தொடங்க வேண்டும், முன்னால் சாய்கோடு வேண்டாம். டெஜா டூப் எடுத்த பேக்கப்பில் அந்த வேர் கணினியின் வேரேதான். ஆகவே பாதை 'ஹோம்' என்று தொடங்கி, அடுத்து பயனர் பெயர் வரும். அந்தப் பயனர் பெயர் பழைய நிறுவலினுடையது. நான் புதிய நிறுவலில் வேறு பெயர் வைத்திருந்தேன். பாதையை நினைவிலிருந்து தட்டியிருந்தால் அங்கேயும் ஒரு தடவை சறுக்கியிருப்பேன். பாதை ஓர் எழுத்து பிசகினாலும் 'ஆவணக் கிடங்கில் இல்லை, எதுவும் மீட்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் பேக்கப்பே போயிற்று என்று முடிவுகட்டுவது எளிது.

சேரும் இடத்தையும் யோசித்துக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கோப்பை மீட்கும்போது, சேருமிடம் என்று கொடுப்பது ஃபோல்டரை அல்ல, கோப்பின் புதிய பெயரையே. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், வற்புறுத்தினால் ஒழிய மேலெழுத மறுக்கும். நான் ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள், ஆங்கில எழுத்தில் வேறொரு பெயர் கொடுத்தேன்.

முழு பேக்கப் பல கிகாபைட் என்றாலும் ஒரு கோப்புக்காக எல்லாவற்றையும் அது புரட்டுவதில்லை. தரவு பல துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எந்தப் பாதையில் தொடங்கி எந்தப் பாதையில் முடிகிறது என்று மேனிஃபெஸ்ட் என்ற குறிப்பில் இருக்கும். தேவையான துண்டுகளை மட்டும் திறந்து, முழு பேக்கப்பில் இருந்த வடிவத்தின் மேல் ஒவ்வொரு வார மாற்றத்தையும் வரிசையாகப் பூசிக்கொண்டு வரும். இங்கே ஒரு வேடிக்கை. ஓடிஎஸ் என்பது உள்ளே ஒரு ஜிப். ஒரு சொல் சேர்த்தாலும் சுருக்கப்பட்ட தரவில் பெரும்பகுதி மாறிப்போகும். 'மாற்றம் மட்டும்' என்ற பெயரில் வாராவாரம் கிட்டத்தட்ட முழுக் கோப்பையும்தான் அது சேமித்துக்கொண்டிருந்தது.

வந்த கோப்பை உடனே திறக்கவில்லை. ஜிப் என்பதால் அன்ஜிப்பின் சோதனைத் தேர்வைக் கொண்டு உள்ளே எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிழை இல்லை. பிறகு ஒரு பிரதி எடுத்து அந்தப் பிரதியைத் திறந்தேன். கடைசி வரிசையில், மறுநிறுவலுக்கு முந்தைய நாள் அரைகுறையாகத் தட்டி விட்டிருந்த ஒரு சொல், எதிரே பொருள் எழுதாமல் காலியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன்.

உரிமைச் சிக்கல் வரவில்லை. உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும். பழைய நிறுவலிலும் புதியதிலும் நானே முதல் பயனர். பெயர் மாறியும் எண் மாறாததால் கோப்பு என் பெயரிலேயே வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு

பெயரைச் சரிசெய்ய கன்வ்எம்வி என்ற சின்ன நிரல் உதவியது. பிரித்து எழுதப்பட்ட பெயர்களைச் சேர்த்து எழுதும் தேர்வு அதில் உண்டு. முதலில் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும், தனியாக அனுமதி கொடுத்த பிறகே மாற்றும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இதனால் எல்லாக் குழப்பமும் தீராது. 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் தட்டி 'கெள' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் யூனிகோடு விதிப்படி இவை வேறு வேறு எழுத்துகள், எந்த நிரலும் சேர்த்து வைக்காது. 'ஸ்ரீ'யும் அப்படித்தான். 2005-இல் வெளியான யூனிகோடு 4.1-இல் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்த பிறகு, 'ஸ'வில் தொடங்கி எழுதுவது, 'ஶ'வில் தொடங்கி எழுதுவது என்று இரண்டு வழிகள் புழங்குகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். கோப்புப் பெயரில் 'ஸ்ரீ' வைத்திருப்பவர்கள் தேடும்போது இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. சேமித்து வைத்த முழுப் பட்டியலையும் பைத்தானில் படித்து, எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒன்றாகிப் போகிற பெயர்கள் எவை என்று கேட்டேன். பத்து வரி நிரல். சொல்தொகுப்பைத் தவிர இன்னும் மூன்று ஜோடிகள் வந்தன, எல்லாம் அந்த டார் கோப்போடு வந்தவை. இரண்டு ஜோடிகளில் உள்ளடக்கம் ஒன்றே, ஒன்றை அழித்துவிட்டேன். மூன்றாவது ஜோடி 'தொழிற்சொற்கள்'. அதில் ஒன்றைச் சில மாதங்களும் மற்றதைச் சில மாதங்களும் மாற்றி மாற்றித் திருத்தியிருக்கிறேன், எதைத் திறக்கிறேன் என்று தெரியாமலே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசை வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிதான் தாண்டியிருக்கிறேன்.